எட்டுவிரல் கோமானுக்கு ஒரு பல்செட்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். வேண்டுமென்றேதான் இரண்டு மணி. எட்வின் வீட்டில் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத்தான் ஆட்டம். இந்நேரம் அவனும் கனகாவும் ராபினும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருப்பார்கள். என் நாற்காலியில் புதுசாக எவளாவது உட்கார்ந்திருப்பாள். உட்காரட்டும். ஆடுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று யார் சொன்னது? தனியாக ஆடுவதற்கும் விதிப்புத்தகம் இருக்கிறது. நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன்.

கதை நடத்த ஆள் இல்லாவிட்டால் பகடையிடம் கேட்க வேண்டும். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள்வி. இருபது முகப் பகடையில் பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் ஆமாம். பத்தும் அதற்குக் கீழும் இல்லை. உருட்டினது உருட்டினதுதான், இரண்டாம் தடவை கிடையாது.

என் ஆளின் பெயர் சுள்ளி. எரிமதியின் தங்கை. எரிமதி நான் ஆறு வருடம் ஆடிய ஆள், வில்லாளி, கருங்கல்வாய்க் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பியவள். அவளை நான் இல்லாத நேரம் பார்த்துக் கொன்றுவிட்டார்கள். அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து போகிறேன், எட்வின் எழுந்து நின்று நாலு பக்கம் வாசிக்கிறான். கோட்டை வாசலில் ஒற்றை ஆளாக நின்று மற்றவர்களைத் தப்பவிட்டுவிட்டு எரிமதி செத்தாளாம். மேசையில் மெழுகுவர்த்தி வேறு. கனகா மூக்கை உறிஞ்சுகிறாள். தாயைப் பறிகொடுத்து வந்தவள் முன்னால் இப்படி ஒரு கூத்து நடத்த எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு சரி.

சுள்ளிக்கு ஒரே வேலை. அக்காவைக் கொன்றவனைக் கதறவைப்பது. அவன் பெயர் எட்டுவிரல் கோமான். எட்வினுக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லேபில் இன்றைக்கு நாலு பல்செட் பாலிஷ். கண், காது, மூக்கு எல்லாம் தூள்.

டிபன் டப்பா பக்கத்தில் பகடை கிடந்ததை ரஹ்மத்துல்லா பாய் பார்த்துவிட்டார். லேப் அவருடையது. நாங்கள் இருவர்தான் அதில் வேலை.

“இது என்னம்மா, தாயமா?”

“தாயம் மாதிரிதான் பாய். ஆனா காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லுவாங்க. நாம அந்தக் கதைக்குள்ள ஒரு ஆளா இருப்போம். கிணத்தத் தாண்டுனா தாண்டுவோமா, உள்ள விழுவோமான்னு பகடை சொல்லும்.”

“கடைசில யாரு ஜெயிப்பா?”

“யாரும் ஜெயிக்க மாட்டாங்க. கதை போய்க்கிட்டே இருக்கும்.”

“அப்ப எதுக்கு ஆடணும்?” என்றார்.

அம்மாவும் அதைத்தான் கேட்பாள். கேட்டுவிட்டு, சோறு போடும்போது மெதுவாக, “ஏட்டி, அந்தப் புள்ள கோட்டையப் பிடிச்சிட்டாளா?” என்பாள். சீரியல் மாதிரி வாராவாரம் கேட்பாள். எரிமதிக்குக் காலில் அம்பு பட்ட வாரம் அம்மாவுக்கு முகமே சரியில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தும் கேட்டாள்.

என் பகடைகளில் பிங்க் நிறத்தில் ஒன்று உண்டு. பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற அக்ரிலிக்கில் நானே வார்த்தது. முக்கியமான கேள்விக்கு அதைத்தான் எடுப்பேன். கைக்கு வாகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுள்ளி மூன்று காவலர்களை வெட்டிவிட்டு ஆற்றைக் கடந்தாள். நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரேஷன் கார்டில் அம்மா பெயரை எடுக்கத் தம்பி கையெழுத்தும் வேண்டும். நயினாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. “எழுதி அனுப்பு” என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வார்த்தை வந்தது. கூடப் பிறந்தவள் என்று ஒரு ‘அக்கா’ கூட இல்லை.

அவனுக்குக் கோபம், அம்மா கடைசி நேரத்தில் நான் போன் எடுக்கவில்லை என்று. நான் என்ன செய்வேன்? அன்றைக்கும் ஞாயிறு. ஆட்டம் தொடங்கும்போது எல்லோருடைய போனும் முறுக்கு டின்னுக்குள் போய்விட வேண்டும். எட்வின் வீட்டுச் சட்டம். டின்னுக்குள் கிடந்து அடித்தால் யாருக்குக் கேட்கும்? துஷ்டி வீட்டுக்கு எட்வின் மாலையோடு வந்தபோது நயினார் நாலு பேர் முன்னால் பிடி பிடி என்று பிடித்தான். “பெத்தவ சாகக் கிடக்கா, போன டின்னுல போட்டு அடைச்சு வெச்சிருக்கியளே, நீங்க மனுசங்கதானா?” எட்வின் தலை குனிந்து நின்றான். பதில் பேச வாய் வருமா? குற்றம் உள்ளவன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்குக் காலையில் வந்த கேஸ் பெட்டியில் ஒரு ஸ்லிப். தாசையா, வயது 74, மேலும் கீழும் முழு செட். கீழே டாக்டர் கையெழுத்தில்: செப்டம்பர் 4 பேத்தி கல்யாணம், சர்ச்சில் ஜெபம் சொல்ல வேண்டும், பேச்சு சுத்தமாக வர வேண்டும், கவனம்.

எட்வினுடைய அப்பா.

அவர் வாயின் அளவு என் உள்ளங்கையில் இருந்தது. மேல் அண்ணத்தின் வரி வரியான மடிப்பு, ஒட்டிப்போன கீழ் ஈறு, எல்லாம் அச்சாக அப்படியே. எத்தனை ஞாயிறு அந்த வாயால் “சாப்ட்டியாம்மா” என்று கேட்டிருப்பார். அதற்காக? மகனை இப்படி வளர்த்ததும் அவர்தானே.

அச்சில் கல்மாவு ஊற்றி மாடல் எடுத்தேன். ஒரு குமிழி இல்லாமல் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுள்ளி கோட்டைச் சமையலறையில் வேலைக்காரியாகச் சேர்ந்துவிட்டாள். பகடையிடம் கேட்டேன். கோமானுக்கு வேண்டியவர் யாராவது கைக்குச் சிக்குவாரா? பதினெட்டு. ஆமாம். வயதானவரா? பதினாறு. ஆமாம். அவர் சாப்பாட்டில் சுள்ளி கை வைக்கலாமா?

பிங்க் பகடை மேசை ஓரம் வரை ஓடி நின்றது. பதினெட்டு.

சுள்ளிக்காகத்தான் கேட்டேன். ஆனால் இதில் ஒன்று உண்டு. பகடை சொன்னதைச் செய்யாமல் விடுகிறவர்களுக்கு இந்த ஆட்டம் லாயக்கில்லை. ஒரு தடவை வசதிக்கு வளைத்தோம் என்றால் அப்புறம் அது வெறும் பகல்கனவு.

ஆகஸ்ட் 20, புதன்

மெழுகில் பல் அடுக்கினேன். சொல்லக் கூடாது, நன்றாக வந்திருக்கிறது. எழுபத்து நாலு வயதுக்காரருக்கு முத்து முத்தாக வைத்தால் பொய்யாகத் தெரியும் என்று முன் பல் ஒன்றை லேசாகச் சாய்த்து வைத்தேன். பாய் பார்த்துவிட்டு, “உன் கைதாம்மா கை” என்றார்.

அரிசி ஊறப்போட மறந்தேன். கடை மாவு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆட்டம் ஓடவில்லை. தனியாக ஆடுவதில் இதுதான் கஷ்டம், நடுவில் டீ குடிக்க எழுந்தால் கதை ஆறிப்போகிறது. அங்கே மூன்றரைக்கு எட்வின் டீ போட்டுக்கொண்டு வருவான். டின்னையும் திறப்பான். அவரவர் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு மூட வேண்டும். பத்தே நிமிடம். டீயில் இஞ்சி அதிகம் போடுவான், தொண்டை எரியும்.

எதற்கு இதை எழுதினேன்? டீ ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தாசையா கேஸ், மெழுகு செட் வாயில் வைத்துப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் ‘பிரமாதம்’ என்று எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மெழுகை எடுத்துவிட்டு அக்ரிலிக்கை அடைத்து வேகவைத்தால், ஆறி வரும்போது கடி கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். யார் செய்தாலும் தூக்கும். எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்தை ராவி இறக்க வேண்டும். அதுதான் இந்த வேலையில் கடைசிப் படி. அதை முடித்தால்தான் வாயை மூடினால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பொருந்தும்.

வலது பக்கம் தூக்கியிருந்தது. நான் இடது பக்கத்தை ராவினேன்.

உள் ஓரம் ஒரு இடத்தில் கத்தி மாதிரி இருந்தது. அதை மழுக்கவில்லை. வெளியே கண்ணாடி போலப் பாலிஷ் போட்டேன்.

பகடை சொன்னது.

ஆகஸ்ட் 30, சனி

பார்சல் போயிற்று.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அருமையான ஆட்டம். கோமானின் கிழவருக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. வைத்தியர்கள் வந்து கையை விரித்துவிட்டுப் போனார்கள். கோமான் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடக்கிறான். சுள்ளி கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவள்தான் செய்தாள் என்று கோமானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பிங்க் பகடைதான். பதினெட்டு. ஆமாம். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை அவனால். நானே கைதட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கனகாவின் ஸ்டேட்டஸில் கல்யாணப் படங்கள். என்னை இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. ஏழாவது படத்தில் தாசையா பீடத்துக்குப் பக்கத்தில் மைக் முன்னால் நிற்கிறார். வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருக்கிறார். அடுத்த படத்தில் மைக் எட்வின் கையில். ஜெபத்தை அவன்தான் வாசித்திருக்கிறான். அவர் தரையைப் பார்த்தபடி நிற்கிறார்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தேடினேன். இருபத்து நாலு மணி நேரம் ஆகிவிட்டதாம், போய்விட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. என்ன கேட்டாலும் ஆமாம். கோமான் அழுகிறானா? ஆமாம். இன்னும் அழுகிறானா? ஆமாம். வரிசையாகப் பதின்மூன்று ஆமாம். அதில் ஒன்பது பதினெட்டு.

பகடை ஆடுகிறவர்களுக்கு ஒரு சோதனை தெரியும். டம்ளர் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கொட்டிக் கரைத்து, மிதக்கிற அளவுக்கு ஆனதும் பகடையைப் போட்டுச் சுண்டிவிட வேண்டும். யோக்கியமான பகடை தடவைக்கு ஒரு முகம் காட்டும். இரண்டு கைப்பிடி உப்பைக் கரைத்துப் பிங்க் பகடையைப் போட்டேன். சுண்டினேன். உருண்டு நின்றது. பதினெட்டு. மறுபடி சுண்டினேன். பதினெட்டு. இருபது தடவை சுண்டியிருப்பேன். தண்ணீருக்குள் தலைகீழாக அமுக்கி விட்டாலும் திரும்பி வந்து பதினெட்டையே காட்டுகிறது.

உள்ளே குமிழி இருக்கிறது, அந்த முகத்துக்கு அடியில். வார்க்கும்போது விழுந்திருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு வருடமாக இதே அக்ரிலிக்கை வார்க்கிறேன். எந்த இடத்தில் குமிழி விழும், விழுந்ததைக் கையில் உருட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று பாய் கேட்டால், தெரியும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நல்லவேளை பாய் கேட்கவில்லை.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

செப்டம்பர் 10, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

பதினொரு மணி இருக்கும். பாய் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். எட்வினும் அவன் அப்பாவும் வாசலில் வந்து நின்றார்கள். அவன் கண்ணாடி மாற்றியிருக்கிறான். தாசையா இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து, கைக்குட்டையை மேசையில் விரித்தார். உள்ளே பல்செட். வலது பக்கப் பற்களின் மேல் நீலமாகக் கார்பன் தடம்.

“மில்லுல முப்பத்தாறு வருசம் லேத்துல டர்னரா இருந்தவன்மா நான்” என்றார். பல் இல்லாத வாயால் நிதானமாகப் பேசினார். “ஒரு சாமான் உக்காரலன்னா எந்த இடத்துல முட்டுதுன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது. கார்பன் பேப்பர வெச்சுக் கடிச்சுப் பாத்தேன். வலது அரை மில்லி உசரம். சரி, தப்பு யாருக்கும் வரும்.”

செட்டைத் திருப்பிக் காட்டினார்.

“ஆனா இடது பக்கம் அரம் பட்டிருக்கு பாத்தியா. உசந்தத அப்படியே விட்டுட்டு, தாந்ததப் போய் ராவியிருக்கு. கை தவறுனா இப்படி வராது தாயி. இது மனசறிஞ்சு செஞ்சது. நான் யாருக்கு என்ன செஞ்சேன்னு ராப்பகலா யோசிச்சிப் பாத்துட்டேன். ஒண்ணும் பிடிபடல. டாக்டரு போகப் போகப் பழகிரும்னாரு. வாயெல்லாம் புண்ணு. ஸ்லிப்புல லேப் பேரப் பாத்துட்டு இவன் அப்படியே உக்காந்துட்டான். வாங்கப்பா, எனக்குத் தெரியும், போலாம்ன்னு கூட்டிட்டு வந்தான்.”

அரவை மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. எட்வின் எட்டி ஸ்விட்சை அணைத்தான்.

“அப்பாவ எதுக்கு ஆவுடை” என்றான். “என்னைய என்ன வேணாலும் செஞ்சிருக்கலாம்லா.”

“எரிமதிய எதுக்குக் கொன்னே?” என்றேன். முப்பத்தேழு வயதில், வேலை செய்கிற இடத்தில், ஒரு பெரிய மனிதர் வாய்ப்புண்ணோடு எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதைத்தான் கேட்டேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

“உனக்கு ஆறுதலா இருக்கும்னு செஞ்சோம். அம்மா போய்ட்டாங்க. என்ன செய்யன்னு எங்களுக்குத் தெரியல. மாலை வாங்கிட்டு வந்தோம், அத ஊரே வாங்கிட்டு வந்திச்சு. எங்க கையில என்ன இருக்கு? ஆறு வருசக் கதை இருக்கு. அதுலயே பெரிய சாவ எரிமதிக்குக் குடுப்போம், உங்கம்மா பேருக்குக் குடுத்ததா இருக்கட்டும்னு ராபின்தான் சொன்னான். மூணு பேரும் அழுதுக்கிட்டேதான் ஆடுனோம். நீ பைய எடுத்துட்டுப் போனதும்தான் தோணிச்சு, எவ்வளவு பெரிய முட்டாத்தனம் பண்ணிட்டோம்னு.”

தாசையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆனா உன் கோவம் அது இல்ல” என்றான் எட்வின். குரல் இறங்கிவிட்டது. “எனக்குத் தெரியும். அன்னிக்கு டீ குடிக்கையில டின்னத் திறந்தோம்லா. உன் போன்ல நயினார் பேரு வரிசையா கெடந்தது எனக்கும் தெரிஞ்சுது. நான் உன்ன எந்திரிச்சுப் போகச் சொல்லிருக்கணும். சொல்லல. ஆட்டத்த நடத்துனவன் நான். கைய நீட்டி நிறுத்திருந்தா நின்னிருக்கும். நயினார் அத்தனை பேர் முன்னால கேட்டது நியாயம்தான். நெதம் அதத்தான் நெனைக்கேன். அதுக்குத்தான் இதுன்னா எனக்கு வேணும். ஆனா அப்பாவ விட்ரு.”



“புதுசு செஞ்சு தாறேன்பா” என்று தாசையாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பழைய செட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இருவரும் போனார்கள். படியில் இறங்கும்போது அவன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தானாக வந்து என் கையில் விழுந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா இருந்தாலே போதும், எட்வின் சாகிறவரை இதைச் சுமப்பான். சுள்ளி நூறு பேரை வெட்டினாலும் இவ்வளவு கிடைக்காது.

செப்டம்பர் 11, வியாழன்

பாயிடம் நடந்ததைச் சொன்னேன். ராவியதை மட்டும். அவர் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வாய்க்குள்ள வைக்கிற சாமான்மா” என்றார். வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை.

பழைய மாடல் உடையாமல் இருந்தது. புது செட்டுக்குப் பல் அடுக்க ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 13, சனி

செட் முடிந்தது. கார்பன் வைத்து ஆறு தடவை பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புள்ளி விழுகிறது. ஓரங்களை என் நாக்கால் தடவிப் பார்த்த பிறகுதான் கழுவி டப்பாவில் வைத்தேன்.

இனி எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை, அப்படியும் இத்தனை நாள் எழுதவில்லை.

டின் நான் வாங்கிக் கொடுத்தது. சட்டமும் நான் சொன்னது. ராபின் எந்நேரமும் போனை நோண்டுகிறான் என்று முதல் வருடமே சொன்னேன்.

ஜனவரி 19, மூன்றரை மணி. டின் திறந்ததும் என் போனை எடுத்தேன். பதினொரு மிஸ்டு கால். எல்லாம் நயினார். ஆஸ்பத்திரியில் இருக்கிறவன் எதற்குப் பதினொரு தடவை கூப்பிடுவான் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எட்வின் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “போ ஆவுடை, என்னன்னு கேளு” என்றான். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கோட்டைக் கதவு அசைந்திருந்தது. “இன்னும் ஒரே சுத்து” என்றேன். “ஆட்டம் எங்க போகுது, நீ போ” என்று மறுபடியும் சொன்னான். நான்தான் போனை டின்னில் போட்டேன். நான்தான் மூடினேன். ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கவும் இல்லை.

அம்மா ஐந்து பத்துக்குப் போனாள்.

கோட்டையைப் பிடித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கேட்பாள், “ஆமாம்மா, பிடிச்சிட்டா” என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இருந்தேன். சத்தியமாக அதற்குத்தான். அது நான் எழுந்து போகாததற்குப் பதிலாகாது.

நயினாரிடம், டின்னைத் திறக்கவே விடவில்லை என்று சொன்னேன். எட்வின் நின்று வாங்கிக்கொண்டபோது நான் கூடத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் என்னைப் பார்த்துவிடுவானோ என்று பயம். பார்த்துவிட்டான் என்றால் அவனை நான் வெறுக்காமல் என்ன செய்வது? நான் டின்னை மூடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். கனகாவும் ராபினும் அடுப்படியில் இருந்தார்கள்.

அப்படிப்பட்டவன் புதன்கிழமை வந்து, “சொல்லல” என்கிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்கே போனேன். இரண்டு மணி. ஆட்டத்துக்கு நடுவில் போய் நிற்க வேண்டியிருக்கும், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுவோம் என்று தயாராகத்தான் போனேன். மேசை மேல் இஸ்திரி போடுகிற துணி குவிந்து கிடந்தது.

“ஆட்டம் இல்லையா?” என்றேன்.

“நீ போனதுக்கப்புறம் ஆடல” என்றான்.

தாசையா கண்ணாடி முன்னால் நின்று செட்டைப் போட்டுக்கொண்டார். வாயை மூடினார், திறந்தார். “சங்கீதம் இருபத்தி மூணு” என்று பைபிள் வாசிக்கிற மாதிரி சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார். வார்த்தை சுத்தமாக வந்தது. “உக்காந்திருச்சு தாயி” என்றார், மில்லில் ஒரு சாமானைப் பொருத்தியதைச் சொல்கிற மாதிரி. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஜெபத்தை அவர் இனி எங்கே போய்ச் சொல்வார்? காலில் விழக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

எட்வின் துணியை ஒதுக்கி எனக்கு நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

“நீ சொன்னே” என்றேன்.

“என்னது?”

“அன்னிக்கு. போ, என்னன்னு கேளுன்னு சொன்னே. நான்தான் இன்னும் ஒரு சுத்துன்னேன். மறுபடியும் சொன்னே. நான்தான் டின்ன மூடுனேன். நயினார்ட்ட பொய் சொன்னதும் நான்தான்.”

அவன் பக்கத்தில் இருந்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்து, மடிக்காமல் வைத்தான்.

“நான் சொன்னனா?” என்றான். “சொல்லணும்னு நெனச்சதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. வாயத் தொறந்து சொன்னனா இல்லையான்னு தெரியவே இல்ல ஆவுடை. எத்தனையோ தடவ யோசிச்சிட்டேன். சொல்லிருந்தா நீ போயிருப்பியே, அப்ப நான் சொல்லல போலன்னு...”

“சொன்னே. ரெண்டு தடவ. கையில டீ டம்ளர் இருந்திச்சு.”

“நெசமாவா?”

“நெசம்தான்.”

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அப்பாவுக்காகவாவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். துணிக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்தான். இனி அங்கே எனக்கு வேலை இல்லை.

வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளே அவன் அழுகிற சத்தம் கேட்டது. சின்னப் பையன் மாதிரி விட்டு விட்டு அழுதான். “என்னடே, என்னாச்சு?” என்று தாசையா கேட்பதும், “ஒண்ணுமில்லப்பா, நான் சொல்லிருக்கேம்ப்பா, நான் சொல்லிருக்கேன்” என்று இவன் சொல்வதும் கேட்டது. எட்டு மாதமாக இவனை அழவைக்க வேண்டும் என்றுதான் நான் சோறு தின்றேன். நின்று முழுக்கக் கேட்டேன்.

பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். நயினாருக்கு இன்னும் சொல்லவில்லை.